ஒரு ரொட்டி வித்தியாசம்

ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை நிறுப்பார்கள். சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்று வாக்குவாதம் நடக்கும். ஒரு கிலோ குறைந்ததால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, அரைப்பேர் ஆன நாட்கள் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்தவரின் நிறை என்னவென்று கேட்டால் அவருக்கே தெரியாது. கடைசியாகப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் நிறுத்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபது வயது.

வயிற்றில் பெரிய ஒப்பரேஷன் நடந்து, ஒருவர் வார்ட்டில் படுத்திருக்கும் நாளில் இந்தத் தெரியாமை பெரிய விஷயமாகிவிடும். இவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி தேவை, எத்தனை கலோரி கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட உட்காரும் வைத்தியருக்கு முதலில் தேவைப்படுவது அவரது நிறைதான். குறைவாகக் கொடுத்தால் தையல் போட்ட குடலும் வயிற்றுச் சுவரும் ஆறத் தாமதமாகும், கிருமித்தொற்று வரும், இருக்கிற கொஞ்சத் தசையும் கரையும். அதிகமாகக் கொடுத்தாலும் ஆபத்து உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு பேசுவோம். வயது 52. உயரம் 148 சென்றிமீற்றர். கொழுந்து பறிப்பவர். பெருங்குடலில் கட்டி. நுவரெலியாவிலோ கண்டியிலோ கட்டியை வெட்டி எடுத்துக் குடலின் இரு முனைகளையும் இணைத்திருக்கிறார்கள். ஒப்பரேஷனுக்கு முதல் நாள் நிறை 40 கிலோ. முன்பு எவ்வளவு இருந்தது என்பது தெரியாது. ஆறு கிலோவாவது குறைந்திருக்கும் என்கிறார் மகள். அதற்கு அவரிடம் இருக்கும் ஆதாரம் தொளதொளத்துப்போன ஜாக்கெட். இவர் குறிப்பிட்ட ஒருவர் அல்ல. மலையகத்து வார்ட்டுகளில் படுத்திருக்கும் பலரின் சாயலில் நான் வரைந்துகொண்ட ஓர் உருவம்.

மகளின் ஜாக்கெட் ஆதாரத்தைச் சிறிதாக நினைக்கக் கூடாது. 1936ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹைரம் ஸ்டட்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இரைப்பைப் புண்ணுக்காக ஒப்பரேஷன் செய்த 46 பேரின் குறிப்புகளைப் பார்த்தார். ஒப்பரேஷனுக்கு முன் தம் நிறையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அவ்வளவு இழக்காதவர்களில் இறந்தவர்கள் 3.5 வீதம் மட்டுமே. வயதையும் இதய நிலையையும் சத்திரசிகிச்சை முறையையும் வைத்துப் பார்த்தும் இந்த இடைவெளிக்கு அவருக்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை. நம்முடைய நோயாளி 46 கிலோவில் 6 கிலோ இழந்திருந்தால் அது 13 வீதம். ஸ்டட்லியின் கோட்டை இன்னும் தாண்டவில்லை, ஆனால் அதை நோக்கித்தான் நடந்துகொண்டிருக்கிறார்.

சரி, கணக்கைத் தொடங்குவோம். இங்கே கலோரி என்று சொல்வதெல்லாம் கிலோ கலோரியைத்தான்.

மனிதன் அசையாமல் படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, மூளையும் ஈரலும் சிறுநீரகமும் வேலை செய்கின்றன. அதற்காகும் செலவுதான் அடிப்படைச் செலவு. அதை உயரம், நிறை, வயது, பால் ஆகிய நான்கையும் வைத்து ஊகிக்கச் சூத்திரங்கள் உண்டு. உலகெங்கும் அதிகம் புழங்கியது ஹரிஸ், பெனடிக்ட் இருவரும் 1918, 1919இல் வெளியிட்டது. ஹரிஸ் தாவரவியலும் புள்ளியியலும் தெரிந்தவர். பெனடிக்ட் பொஸ்டனில் கார்னகி நிறுவனத்தின் போஷாக்கு ஆய்வுகூடத்தை நடத்தியவர். 136 ஆண்கள், 103 பெண்கள், 94 பச்சிளங்குழந்தைகள் ஆகியோரின் மூச்சை அளந்து அந்தச் சூத்திரத்தைச் செய்தார்கள். நம் நோயாளியின் எண்களை அதில் போட்டால் 1068 கலோரி வருகிறது. 1990இல் வந்த மிஃப்லின் சூத்திரத்தில் போட்டால் 904. உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைகளுக்கு 1985இல் அடித்தளமாக இருந்த ஸ்கோஃபீல்ட் சூத்திரம் 1171 என்கிறது.

ஒரே பெண், ஒரே நாள், மூன்று விடைகள். மிகச் சிறிய விடைக்கும் மிகப் பெரிய விடைக்கும் இடையே 267 கலோரி. கோதுமை மாவில் 75 கிராம் எடுத்துப் பிசைந்து சுட்டால் வரும் தோட்டத்து ரொட்டி ஒன்றில் இருக்கும் சக்தியும் ஏறத்தாழ அவ்வளவுதான். சூத்திரங்களுக்குள் இருக்கும் சண்டை ஒரு ரொட்டியளவு. எண்பது கிலோ உள்ளவருக்கு அது சின்ன விஷயம். 40 கிலோ உள்ளவருக்கு நாள் முழுவதற்குமான தேவையில் கால்வாசி.

ஏன் இந்த வித்தியாசம்? சூத்திரம் என்பது யாரையோ அளந்து எழுதியது. ஸ்கோஃபீல்டின் தரவுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள் இருந்தன. அதில் கிட்டத்தட்டப் பாதி, சரியாகச் சொன்னால் 47 வீதம், இத்தாலியர்களுடையவை. அவர்களின் அடிப்படைச் செலவு மற்றவர்களுடையதைவிட அதிகமாக இருந்தது. அந்தச் சூத்திரம் வெப்பமண்டல நாட்டு மக்களுக்குக் கூடுதலாகக் காட்டுகிறது என்பதைப் பின்னால் வந்த பலர் எடுத்துச் சொன்னார்கள். ஹென்றியும் ரீஸும் 1991இல் வெப்பமண்டல மக்களுக்கெனத் தனிச் சூத்திரமே எழுதினார்கள்.

இதில் நம்மவர்களுக்கு நெருக்கமான ஓர் அத்தியாயம் உண்டு. சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் இருந்த எலினோர் மேசன், தென்னிந்தியப் பெண்களின் அடிப்படைச் செலவை அளந்தார். அதை அவரோடு சேர்ந்து 1931இல் இந்திய மருத்துவ ஆய்வு இதழில் வெளியிட்டவர் வேறு யாருமல்ல, அதே பெனடிக்ட். தன் சூத்திரம் அமெரிக்கப் பெண்களுக்குச் சொன்னதைவிடத் தென்னிந்தியப் பெண்களின் செலவு கணிசமாகக் குறைவாக இருப்பதை அவரே கண்டார். அதற்குப் பிறகும் பல தசாப்தங்களுக்கு அந்தப் பழைய சூத்திரமே நம் பக்கத்து வார்ட்டுகளிலும் ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தமிழ்ப் பெண்ணின் உடம்பு வேறு வகையா, இனத்திலேயே ஏதோ இருக்கிறதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்கு விடை பெங்களூரில் கிடைத்தது. அங்குள்ள சென்ற் ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியில் சோரஸும் ஷெட்டியும் பல வருடம் இதை ஆராய்ந்தார்கள். இந்தியர்களையும் அவுஸ்திரேலியர்களையும் ஒப்பிட்ட அவர்களது 1998ஆம் ஆண்டுக் கட்டுரை, கொழுப்பைக் கழித்துவிட்டுத் தசையும் உறுப்புகளும் எவ்வளவு என்று பார்த்தால் இனத்துக்கென்று ஒரு வித்தியாசமும் இல்லை என்றது. வித்தியாசம் உடம்பின் கட்டுமானத்தில் இருக்கிறது. அந்தக் கட்டுமானமோ சிறுவயதுச் சோற்றில் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம். தோட்டப்புறத்தில் 31.7 வீதம். நம் நோயாளியின் 148 சென்றிமீற்றரைப் பரம்பரை என்று சொல்லி முடித்துவிட முடியாது.

இனி ஒப்பரேஷன் இந்தக் கணக்கை என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

1930களில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்ற உயிரிரசாயனவியலாளர், கால் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரை நாள்தோறும் சேகரித்து அளந்தார். எலும்பு ஏன் மெதுவாகக் கூடுகிறது என்பதைத்தான் தேடினார். கண்ணில் பட்டது வேறு. அவர்களின் சிறுநீரில் நைதரசன் கொட்டிக்கொண்டிருந்தது. நைதரசன் புரதத்திலிருந்து வருவது. முறிந்த இடத்தில் மட்டுமல்ல, உடம்பு முழுவதிலுமிருந்த தசை கரைந்துகொண்டிருந்தது. ஒரு கிராம் நைதரசன் வெளியேறினால் ஆறேகால் கிராம் புரதம் போயிற்று என்று அர்த்தம். ஈரத்தோடு சேர்த்துச் சொன்னால் ஏறத்தாழ 30 கிராம் தசை. நாளொன்றுக்கு 10 கிராம் நைதரசன் வரவுக்கு மேல் செலவானால் 300 கிராம் தசை. பத்து நாளில் மூன்று கிலோ. 40 கிலோ உடம்பில் மூன்று கிலோ தசை போனால் எழுந்து கழிவறைக்கு நடப்பதே மலையேற்றமாகிவிடும்.

கத்பர்ட்சன் 1942இல் இதை இரண்டு கட்டமாகப் பிரித்தார். காயம் பட்டவுடன் உடம்பு ஒடுங்கும், செலவு குறையும். அவர் அதைக் கடலின் வற்றுக்கு ஒப்பிட்டார். ஓரிரு நாளில் பெருக்கு வரும். சூடு ஏறும், இதயம் வேகமாகும், செலவு கூடும். கோர்ட்டிசோல், அட்ரினலின், குளுக்ககொன் போன்ற ஹோர்மோன்கள் உயர்ந்து, இன்சுலின் சொல்வதைத் திசுக்கள் கேட்காமல் போகும். ஈரலில் சேமித்த மாச்சத்து ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும், காயம் ஆற்றும் கலங்களுக்கும் வேண்டும். கொழுப்பிலிருந்து அதைப் போதிய அளவு செய்ய முடியாது. ஆகவே உடம்பு தசையை உடைத்து, அந்தப் புரதத்தை ஈரலுக்கு அனுப்பிக் குளுக்கோஸாக மாற்றுகிறது. வீட்டில் விறகு தீர்ந்த இரவில் கதவுச் சட்டத்தைக் கழற்றி அடுப்பில் வைப்பது மாதிரி.

இதைப் பார்த்த பின்வந்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இவ்வளவு செலவானால் அவ்வளவு கொடுத்துவிட வேண்டும். 1960களின் கடைசியில் அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக், வாய்வழி எதுவும் கொடுக்காமல் பெரிய நாளத்தின் வழியாகவே முழு உணவையும் செலுத்தி நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டினார். குடலே வேலை செய்யாதவர்களை உயிரோடு வைத்திருக்க முடியும் என்றான அந்தக் கண்டுபிடிப்பு மகத்தானது. கூடவே ஒரு தாராளமும் வந்தது. 1979இல் கல்வின் லோங் அடிப்படைச் செலவைப் பெருக்குவதற்கான எண்களைக் கொடுத்தார். படுக்கையில் இருந்தால் 1.2, சிறிய ஒப்பரேஷன் என்றால் இன்னொரு 1.2, கடும் கிருமித்தொற்று என்றால் 1.6. நம் நோயாளியின் 1068ஐ இப்படிப் பெருக்கினால் சாதாரணமாகவே 1538. தொற்று என்று குறித்தால் 2051. கிலோவுக்கு ஐம்பது கலோரிக்கு மேல். கொழுந்து பறித்துத் திரிந்த நாட்களில்கூட அவர் அவ்வளவு சாப்பிட்டிருப்பாரோ தெரியாது.

உண்மையில் செலவு எவ்வளவு கூடுகிறது? நியூயோர்க்கில் ஜோன் கினி என்பவர் ஊகிப்பதை விட்டு நோயாளிகளின் மூச்சை அளந்தார். சிக்கல் இல்லாமல் முடிந்த திட்டமிட்ட ஒப்பரேஷனுக்குப் பின் செலவு ஏறத்தாழ பத்து வீதம்தான் கூடியது. பெரும் எலும்பு முறிவுகளுக்கு அதைவிட அதிகம், கடும் தொற்றுக்கு இன்னும் அதிகம், பெரிய தீக்காயத்துக்கு மட்டும் இரட்டிப்புக்கு அருகில். நோயாளி ஓடியாடவில்லை, படுத்திருக்கிறார் என்பதை அந்தப் பெருக்கல் எண்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை.

அதிகம் கொடுப்பதில் உள்ள ஆபத்து இங்கேதான் வருகிறது. இன்சுலின் சொல் கேட்காத உடம்பில் குளுக்கோஸைக் கொட்டினால் இரத்தத்தில் சீனி ஏறும். சீனி ஏறிய இரத்தத்தில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மிஞ்சிய குளுக்கோஸ் ஈரலில் கொழுப்பாகப் படியும். குளுக்கோஸைக் கொழுப்பாக மாற்றும்போது நிறையக் காபனீரொட்சைட் வெளியேறும். அதை வெளித்தள்ள இன்னும் ஆழமாக, இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டும். நெஞ்சுக்குழி முதல் அடிவயிறு வரை தையல் போட்டவருக்கு ஆழமாக ஒரு மூச்சு எடுப்பதே வலி. நல்லது செய்வதாக நினைத்து ஏற்றிய கலோரி அவரை மூச்சுத் திணற வைக்கும். 1991இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் வைத்தியசாலைகளில் நடந்த பெரிய ஆய்வு, கடுமையாக மெலிந்தவர்களுக்கு மட்டுமே நாளத்தின் வழியான உணவு உதவியது என்றும் அவ்வளவு மெலியாதவர்களுக்கு அது தொற்றைத்தான் கூட்டியது என்றும் காட்டியபின் இந்தத் தாராளம் அடங்கியது.

கினி செய்ததுபோல் மூச்சை அளப்பதுதான் இன்றும் மிகச் சரியான வழி. நாம் எரிக்கும் ஒவ்வொரு லீற்றர் ஒட்சிசனுக்கும் ஐந்து கலோரிக்குச் சற்றுக் குறைவாக வெளிப்படுகிறது. நம் நோயாளி நிமிடத்துக்கு 150 மில்லிலீற்றர் ஒட்சிசன் எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 216 லீற்றர். ஏறத்தாழ 1040 கலோரி. வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து அளந்தால் அவர் எதை எரிக்கிறார் என்பதும் தெரியும். உள்ளே போன ஒட்சிசனுக்கு வெளியே வந்த காபனீரொட்சைட்டின் விகிதம் 0.7க்கு அருகில் இருந்தால் கொழுப்பு, 1 என்றால் மாச்சத்து, 1ஐத் தாண்டினால் அளவுக்கு மிஞ்சி ஊட்டுகிறோம் என்று எச்சரிக்கை. கிளாஸ்கோவைச் சேர்ந்த வியர் 1949இல் எழுதிய எளிய சமன்பாடு ஒன்றை வைத்துத்தான் இன்றைய கருவிகளும் இதைக் கணிக்கின்றன.

கருவி விலை உயர்ந்தது. வசதியான நாடுகளிலேயே பெரும்பாலான வார்ட்டுகளில் அது இல்லை. டிக்கோயாவில் கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கு இந்திய உதவியில் 150 கட்டில்களோடு எழுந்த புதிய கட்டடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டபோது ஹட்டன் பக்கத்து மக்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்பது நினைவிருக்கிறது. கட்டடம் வேண்டும், கருவிகள் வேண்டும். அவை வரும்வரை நோயாளி காத்திருக்க முடியாது. அதனால்தான் ஐரோப்பிய போஷாக்குச் சங்கம் சத்திரசிகிச்சை நோயாளிகளுக்கு ஒரு எளிய ஆரம்பப் புள்ளியைத் தருகிறது: கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, 1.5 கிராம் புரதம். 40 கிலோவுக்கு அது 1000 முதல் 1200 கலோரி, 60 கிராம் புரதம். கினியின் பத்து வீதத்தைப் பழைய 1068இல் சேர்த்தாலும் 1175தான் வருகிறது.

இதில் ஒரு பொறி உண்டு. எந்த நிறையைப் போடுவது? ஒப்பரேஷனின்போதும் பிறகும் ஏற்றும் திரவம் உடம்பில் தங்கும். மூன்று லீற்றர் தங்கினால் தராசு 43 கிலோ காட்டும். அந்த மூன்று கிலோ தண்ணீருக்குச் சோறு வேண்டாம். அதேபோல், ஐந்தாம் நாள் தராசு 41 என்று காட்டியதால் தேறிவிட்டார் என்று மகிழவும் முடியாது. தண்ணீர் வற்றிய பிறகுதான் உண்மை தெரியும். ஆகவேதான் ஒப்பரேஷனுக்கு முன் எடுத்த நிறை விலைமதிப்பற்றது. எழுந்து நிற்க முடியாதவருக்கு மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளக்கலாம். கையால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பலத்தைப் பார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் பெரிய செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்று ஹட்டன் குளிரைப் பற்றி. கடல் மட்டத்திலிருந்து 1200 மீற்றருக்கு மேலுள்ள ஊரில் இரவு வார்ட் குளிரும். நடுங்கும் தசை நிறைய ஒட்சிசனைத் தின்னும். கம்பளி ஒன்றைக் கூடுதலாகப் போர்த்துவதும் கலோரிக் கணக்குத்தான்.

உறவினர்கள் தாதியிடம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: "மிஸ்ஸி, சேலைன் ஏத்தியாச்சுதானே, இனிச் சாப்பாடு எதுக்கு?" சேலைன் உப்புத் தண்ணீர். அதில் கலோரி ஒன்றுகூட இல்லை. குளுக்கோஸ் கலந்த போத்தல் என்றால் ஒரு லீற்றரில் 50 கிராம் குளுக்கோஸ், சுமார் 170 கலோரி. இரண்டு லீற்றர் ஏற்றினாலும் 340. ஒன்றேகால் ரொட்டி. புரதம் துளியும் இல்லை. தாகத்தையும் இரத்த அழுத்தத்தையும் காப்பதற்காகத் தொங்குகிற போத்தல் அது. அதைப் பார்த்துச் சத்து இறங்குகிறது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நான்கைந்து நாள் அந்த நிம்மதியிலேயே கடந்துவிடும்.

காற்றுப் பிரியும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். இணைத்த குடல் பிய்ந்துவிடும் என்ற பயத்தில் பிறந்தது. சிறுகுடல் சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்கிவிடுகிறது, இரைப்பை ஓரிரு நாளில், பெருங்குடல்தான் இரண்டு மூன்று நாள் எடுக்கிறது. 2001இல் இதுபற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சீக்கிரம் உணவு கொடுத்தவர்களுக்குக் குடல் இணைப்பு விடுவது கூடவில்லை, தொற்றுகளோ குறைவாக இருந்தன. டென்மார்க்கின் ஹென்றிக் கேலெட் 1990களில் தொடங்கிவைத்த விரைந்து தேற்றும் முறையில், முதல் நாளே பருகக் கொடுத்து எழுப்பி நடக்க வைக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் எப்போது என்பதை அவரை வெட்டித் தைத்த வைத்தியரே சொல்ல வேண்டும். ஆனால் கேட்க நமக்கு உரிமை உண்டு: "டொக்டர் ஐயா, இன்றைக்கு வாயால கொடுக்கலாமா?"

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொறுமை உயிரைக் காக்கும். குடல் அடைபட்டுப் பத்து நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடாமல் வந்தவர், அல்லது எலும்பும் தோலுமாக இருப்பவர் என்றால் முதல் நாளே 1200 கலோரி கொடுப்பது ஆபத்து. பட்டினியில் பழகிய உடம்பில் திடீரென்று மாச்சத்து இறங்கினால் இன்சுலின் பாயும். இரத்தத்திலிருக்கும் பொஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் கலங்களுக்குள் இழுபட்டுவிடும். இதயம் தடுமாறும், மூச்சுத் தசை சோரும். இரண்டாம் உலகப் போரில் தூரகிழக்கின் சிறைமுகாம்களில் பட்டினி கிடந்து விடுதலையானவர்களில் சிலர் உணவு கிடைத்த பின்னர் இறந்ததை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். பிரித்தானிய வழிகாட்டல் 2006இலிருந்து இத்தகையவர்களுக்குக் கிலோவுக்குப் பத்து கலோரிக்கு மேல் தொடங்க வேண்டாம் என்கிறது. 40 கிலோவுக்கு 400 கலோரி. ஒன்றரை ரொட்டி. அதற்கு முன்பே தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து. பிறகு இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து நான்கு முதல் ஏழு நாளில் முழு அளவுக்கு ஏறுவது.

கலோரியை எப்படியோ தேற்றிவிடலாம். கஷ்டம் 60 கிராம் புரதத்தில்தான். வார்ட்டுக்கு வீட்டிலிருந்து வரும் சாப்பாடு பெரும்பாலும் தண்ணிக் கஞ்சி. ஒரு கோப்பையில் அரிசி 20 கிராம் இருந்தால் 70 கலோரி, புரதம் ஒன்றரைக் கிராம். முட்டை, கருவாடு சாப்பிட்டால் புண் சீழ் வைக்கும் என்று பத்தியம் வேறு. சீழ் கிருமியால் வருவது, முட்டையால் அல்ல. தையலைக் கட்டும் நூல் புரதம், அதைத் தடுத்தால் புண்தான் பட்டினி கிடக்கும். இதைப் பாட்டிமாரிடம் மரியாதையோடு, ஆனால் விடாமல் சொல்ல வேண்டும். வாயால் சாப்பிடலாம் என்று வைத்தியர் சொன்னபின் இரண்டு முட்டையில் 12 கிராம். காய்ந்த சோயா மீட் 30 கிராமை ஊறவைத்துச் சமைத்தால் 15. பருப்பு ஒரு கைப்பிடி 7. நெத்தலிக் கருவாடு 25 கிராமில் 15 வரை. பால்மா இரண்டு மூன்று கரண்டி 6. இரண்டு ரொட்டியில் 15. எல்லாம் ஹட்டன் கடையில் கிடைப்பவை. ஒரே வேளையில் இல்லாமல் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், வெட்டிய குடல் அப்படித்தான் தாங்கும்.

கணக்குப் போடுவது வேறு, அவர் உண்மையில் எவ்வளவு சாப்பிட்டார் என்பது வேறு. 2007இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், வைத்தியசாலை நோயாளிகளிடம் மிகச் சிறப்பாக வேலை செய்த சூத்திரமும் பத்தில் ஏறத்தாழ ஆறு பேருக்குத்தான் உண்மைச் செலவுக்குப் பத்து வீதத்துக்குள் வந்தது. மற்ற நான்கு பேரை யார் கண்டுபிடிப்பது? தட்டில் மீந்ததைப் பார்ப்பவர்தான். என்னைக் கேட்டால், மகளின் கையிலிருக்கும் ஒரு நாற்பது பக்கக் கொப்பி எந்தச் சூத்திரத்தைவிடவும் பெறுமதியானது. காலை ரொட்டி பாதி, முட்டை ஒன்று, பகல் சோறு மூன்று கரண்டி, பருப்பு விட்டுவிட்டார், இரவு வாந்தி. இதை எழுதி வைத்தியரிடம் காட்டினால், 1100 கேட்ட இடத்தில் 500தான் போகிறது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். மாற்று வழி தேட நேரம் இருக்கும்.

பிறகு வீடு. ஹட்டன் பஸ்ஸிலிருந்து இறங்கி, லயத்துக்கு ஏறும் படிகளில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறுகிறார். தசை திரும்பக் கட்டப்படும் காலம் வார்ட்டில் அல்ல, இங்கேதான் தொடங்குகிறது. அது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். படுத்திருந்தபோது போதுமாயிருந்த 1200 இப்போது போதாது. நடக்கிறார், தண்ணீர் எடுக்கிறார், குளிர்கிறது. அளந்து கொடுத்த தாதி அருகில் இல்லை. பேர் விழாவிட்டால் சம்பளமில்லை என்பதால் சீக்கிரம் மலைக்குப் போகும் அவசரமும் உண்டு.

அந்த அவசரத்துக்கு முன்னால் இரத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1970களில் எட்ஜர்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பேராதனையில் பணியாற்றிய வைத்தியர் பிரயன் செனவிரத்ன முதலானோருடன் சேர்ந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் அது வந்தது. இரும்புச்சத்து கொடுத்தவர்கள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார்கள். இரத்தம் மிகக் குறைவாக இருந்தவர்களிடம் முன்னேற்றம் அதிகமாக இருந்தது. தோட்டத்துக்கு வெளியிலும் நாள் முழுவதும் கூடுதலாக அசைந்து நடமாடினார்கள். சோம்பல் என்று நாம் பெயர் வைத்ததெல்லாம் இரத்தக்குறைவாக இருந்திருக்கிறது. கட்டியால் மாதக்கணக்கில் இரத்தம் கசிந்து, மேசையிலும் இரத்தம் இழந்த ஒரு பெண்ணுக்கு இது இன்னும் பொருந்தும். இரும்பு குறைந்த உடம்பில் எரிக்கச் சோறு இருந்தாலும் ஒட்சிசன் போதாது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் நிறை பார்க்கும் தராசு இருக்கிறது. வாரம் ஒரு நாள், காலையில், சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடுப்போடு ஏறி நின்று அந்தக் கொப்பியில் எழுதிவைக்கலாம். முதல் இரண்டு வாரம் தங்கிய தண்ணீர் வற்றுவதால் எண் சற்று இறங்கும், பயப்பட வேண்டாம். அதன் பிறகு 39.6, 39.9, 40.1 என்று மெல்ல ஏறினால் ரொட்டிக் கணக்கு சரி. அடுத்தடுத்த இரண்டு வாரம் இறங்கினால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் கொப்பியை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விட வேண்டும்.